மினி ஹைட்ரோ அணைக்குக் கீழே ஓடை எந்த மாதங்களில் வற்றும்? கினிகத்தேனைப் பக்கத் திட்டம் ஒன்று

பீலிக்கரை எழுதியது:

வணக்கம். கினிகத்தேனைப் பக்கம் ஒரு ஓடையில மினி ஹைட்ரோ (சின்ன நீர்மின் நிலையம்) ஒன்றுக்கான ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்திருக்கு. கொழும்புல இருக்கிற சிலர் சேர்ந்து கருத்து எழுதிக் குடுக்கப் போறோம்.

அறிக்கையில உள்ள எண்கள்: அணைக்கு மேல நீரேந்துப் பரப்பு 12 சதுர கிலோமீற்றர். அணையில இருந்து பவர் ஹவுஸ் வரைக்கும் ஓடை வழியா 1.4 கிலோமீற்றர். நிகர உயரம் (தண்ணி விழுற உயரத்துல குழாய் இழப்புக் கழிச்சது) 120 மீற்றர். டர்பைனுக்கு எடுக்கிற உச்ச அளவு செக்கனுக்கு 600 லீற்றர். ஓடைக்கு விடுறதா சொல்றது செக்கனுக்கு 40 லீற்றர்.

அந்த 1.4 கிலோமீற்றருக்குள்ள ரெண்டு லயத்துக்கான (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலியும் (தண்ணி பிடிக்கிற குழாய் வாய்) ஒரு குளிக்கிற இடமும் இருக்கு. பவர் ஹவுஸுக்குக் கீழ வயலுக்குத் தண்ணி திருப்புற சின்ன அணைக்கட்டு ஒன்று. அறிக்கை என்ன சொல்லுதுன்னா, “ஓடையின் வருடாந்த நீரோட்டத்தில் மாற்றம் ஏற்படாது.” இது சரியா? எந்த மாசத்தைப் பிடிச்சுக் கேள்வி கேட்கணும்?

---

மழைமானி எழுதியது:

அந்த வசனத்தில் பொய் இல்லை. எடுத்த தண்ணீர் முழுவதும் பவர் ஹவுஸ் வாய்க்கால் வழியாகத் திரும்ப ஓடைக்கே வருகிறது. அதற்குக் கீழே நின்று வருடக் கணக்குப் போட்டால் ஒன்றும் குறையாது. ஆனால் பீலி இருப்பது நடுவில். அங்கே மாதக் கணக்குத்தான் வேண்டும்.

கீழே உள்ளவை உங்கள் அறிக்கையின் எண்கள் அல்ல. மேற்குச் சரிவில் 12 சதுர கி.மீ. பரப்புள்ள ஓடைக்குப் பொருந்தக்கூடிய மாதிரி எண்கள். எல்லாம் செக்கனுக்கு லீற்றர். முதல் எண் இயற்கையாக வருவது, இரண்டாவது அணைக்குக் கீழே மிஞ்சுவது.

ஜனவரி 250 – 40
பெப்ரவரி 140 – 40
மார்ச் 110 – 40
ஏப்ரல் 300 – 40
மே 700 – 100
ஜூன் 1400 – 800
ஜூலை 1100 – 500
ஓகஸ்ட் 800 – 200
செப்டெம்பர் 900 – 300
ஒக்டோபர் 1300 – 700
நவம்பர் 1000 – 400
டிசம்பர் 500 – 40

கணக்கு எளிது. வரத்து 640ஐத் தாண்டினால் 600ஐக் கழியுங்கள். தாண்டாவிட்டால் 40தான்.

எல்லோரும் மார்ச்சைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். மார்ச்சில் 110 இருந்த இடத்தில் 40, அதாவது 64 வீதம் போகிறது. டிசம்பரைப் பாருங்கள்: 500 இருந்த இடத்தில் 40. 92 வீதம் போச்சு. ஏப்ரலில் 87 வீதம். மார்ச்சில் ஓடை வற்றுவது அங்குள்ள சனத்துக்கும் மீனுக்கும் பழக்கம். தென்மேல் பருவமழை முடிந்து, ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் பெய்து ஓய்ந்த பிறகு மண்ணில் ஊறிய தண்ணீர் மெல்ல வடிகிற மாதம் டிசம்பர். அந்த வடிதல்தான் முழுதாகக் குழாய்க்குள் போகிறது. முன்பு பெப்ரவரி, மார்ச் என்று இரண்டு மாதம் இருந்த வறட்சி இப்போது டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை நீள்கிறது. வெள்ளத்தை அணை ஒன்றும் செய்யாது. அது மேலால் பாய்ந்து போய்விடும். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நடுவில் இருக்கிற நடுத்தர ஓட்டம்தான் காணாமல் போகிறது.

இன்னொன்று. என் மாதிரி எண்களின் வருடச் சராசரி 708. 40 என்பது அதில் 6 வீதத்துக்கும் குறைவு. ஓடைக்கு எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று கணிக்க 1976இல் வந்த டெனன்ட் முறையில் சராசரியின் 10 வீதத்தைத்தான் உயிர் தப்பும் குறைந்தபட்சம் என்கிறார்கள். ஓரளவு நல்ல நிலைக்கு 30 வீதம். அது அமெரிக்காவின் குளிர்ப்பகுதி ஓடைகளை வைத்துச் செய்த முறை. நம் ஊருக்கு அப்படியே ஒட்டாது என்பது தெரியும். ஆனாலும் 40 எங்கிருந்து வந்தது என்று கேட்க அது போதும். உங்கள் அறிக்கையின் சராசரி ஓட்டத்தைக் கண்டுபிடித்து வகுத்துப் பாருங்கள்.

---

சிவில்_கொழும்பு6 எழுதியது:

மழைமானி சொன்ன பட்டியல் சரிதான். ஆனால் ஒரு விஷயம். மாதச் சராசரி எண்டது ஆளை ஏமாத்தும். ஜூனில சராசரி 1400 எண்டால் ஒவ்வொரு நாளும் 1400 வருது எண்டு அர்த்தம் இல்லை. நாலைஞ்சு நாள் பெரிய வெள்ளம், மிச்ச நாளில 500, 600 எண்டுதான் கிடக்கும். அந்த மிச்ச நாளிலயும் அணைக்குக் கீழ 40தான் ஓடும். அதால நாளாந்த ஓட்ட அட்டவணை இல்லாத அறிக்கையை ஏத்துக்கொள்ளக் கூடாது. நாளாந்த எண்களைப் பெரிசில இருந்து சின்னனுக்கு அடுக்கி வரையுற ஓட்டக்கால வளைகோடு கட்டாயம் இருக்கவேணும். அதில 640 எண்ட கோடு எத்தனை வீத நாளில வெட்டுது எண்டு பாருங்கோ. அதுக்கு வலப்பக்கம் உள்ள எல்லா நாளும் 40 லீற்றர் ஓடுற நாள்தான்.

இனி 40ஐப் பற்றி. கடுதாசியில 40 எண்டு எழுதுறது லேசு. அணையில அது உண்மையா விழுமா எண்டுறது ரெண்டு மட்டத்தில தங்கியிருக்கு: குழாய்க்குத் தண்ணி எடுக்கிற வாயின்ர அடிமட்டம், ஓடைக்கு விடுற துவாரத்தின்ர மட்டம். துவாரம் மேலயும் வாய் கீழயும் இருந்தால், தண்ணி குறைஞ்ச நாளில முழுக்க வாய்க்குள்ள போயிடும், ஓடைக்கு ஒண்டும் வராது. அணை உச்சியில ஒரு 160 மி.மீ. பீ.வீ.சீ. பைப்பைச் செருகிப் போட்டு “சுற்றாடல் நீர்” எண்டு போர்ட் அடிக்கிற வேலை கனக்க இடத்தில நடக்குது. மழைக்காலத்தில வந்து பார்க்கிற அதிகாரிக்கு அதில தண்ணி பாயுறது வடிவாத் தெரியும். பெப்ரவரியில அது காய்ஞ்சு போய்க் கிடக்கும்.

சரியான முறை: அணைச் சுவரின்ர மேற்பக்க முகத்தில 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளை போட்ட இரும்புத் தகடு. துளையின்ர மையம் வாயின்ர அடிமட்டத்துக்கு 23 செ.மீ. கீழ. அப்பத் தண்ணி வாயின்ர அடியைத் தொடுற நேரமே ஓடைக்கு 40 லீற்றர் போய்க்கொண்டு இருக்கும். அதுக்குப் பிறகுதான் குழாய்க்கு முதல் சொட்டு. மட்டம் இன்னும் 30 செ.மீ. ஏறினால் துளையால போறது 61 லீற்றர் ஆகும், அவ்வளவுதான் கூடும். திறந்த வெட்டு எண்டால் அதே ஏற்றத்துக்கு இதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல போயிடும். 30 செ.மீ. அகல வெட்டை வைச்சுச் சொல்லுறன். முதலாளி அதுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொண்டாலும் பிறகு பலகை வைச்சு மறைப்பார்.

சுவருக்கு ஊடாக நீளமாப் போற பைப்பையும் தகட்டுத் துளையையும் ஒரே கணக்கில போடக் கூடாது. தகட்டுக்குக் குணகம் (கணக்கில வாற அளவை உண்மை அளவாக்கப் பெருக்கிற எண்) 0.6. குறுகிய பைப்புக்கு 0.8 அளவில வரும். வரைபடத்தில எது போட்டிருக்கு எண்டு பாருங்கோ. வால்வ் ஒண்டும் இருக்கக் கூடாது. வால்வ் இருந்தால் அதைப் பூட்ட ஒரு கை இருக்கும்.

---

டர்பைன்_ஒயில் எழுதியது:

ரெண்டு பேரும் டர்பைனை மறந்துட்டீங்க. ஓடையில மார்ச் மாசம் எவ்வளவு தண்ணி இருக்கும்ங்கிறதை அணையை விட டர்பைன்தான் தீர்மானிக்கும்.

முதல்ல பவர். 9.81 × 0.6 × 120 × 0.8 = 565 கிலோவோட். இந்த உயரத்துக்கும் இந்த அளவுக்கும் ரெண்டு மூணு ஜெட் (தண்ணி பீச்சுற வாய்) உள்ள பெல்டன் வகையும் போடலாம், டர்கோவும் போடலாம், பிரான்சிஸும் போடலாம். எது போடுறாங்கன்னு அறிக்கையில பாருங்க, ஏன்னா ஒவ்வொண்ணும் எவ்வளவு குறைஞ்ச தண்ணியில ஓடும்ங்கிறது வேற வேற.

பல ஜெட் பெல்டன் உச்ச அளவுல 10 வீதம் வரைக்கும் இறங்கி ஓடும். இங்க 60 லீற்றர். அப்போ ஓடை வரத்து 100க்கு இறங்குற வரைக்கும் (40 + 60) மெஷின் நிக்காது. அதுக்குக் கீழ போனா மெஷினை நிப்பாட்டியே ஆகணும். நிப்பாட்டினதும் வரத்து முழுசும் ஓடைக்குத்தான். ஆக வரத்து 105ஆ இருக்கிற நாள்ல அணைக்குக் கீழ 40 ஓடும். வரத்து 95க்கு இறங்கின நாள்ல 95 ஓடும். ஓடை வற்ற வற்ற பீலியில தண்ணி கூடும். அங்க உள்ளவங்களுக்கு இது விளங்காம “இன்னைக்கு யாரோ திறந்து விட்டுட்டான்”னு நினைப்பாங்க.

பிரான்சிஸ் போட்டா 40 வீதத்துக்குக் கீழ நல்லா ஓடாது. அதிரும், சில்லுல குழி விழும். அதாவது 240. வரத்து 280க்குக் கீழ போனதுமே நிப்பாட்டணும். மழைமானி அண்ணே போட்ட பட்டியலை வச்சுப் பாத்தா ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூணு மாசமும் மெஷின் நிக்கும், ஓடை இயற்கையா ஓடும். ஒரே அணை, ஒரே 600, ஒரே 40. மெஷின் மாறினா மூணு மாசம் தப்பிக்குது. ஆனா டிசம்பரும் ஏப்ரலும் ரெண்டுலயும் 40தான்.

அறிக்கையில “டர்பைன் வகை பின்னர் தீர்மானிக்கப்படும்”னு இருந்தா, வறட்சிக்கால ஓட்டமும் பின்னர்தான் தீர்மானிக்கப்படும்னு வாசிங்க.

---

மழைமானி எழுதியது:

டர்பைன்_ஒயில் சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். 10 மெகாவோட்டுக்குக் குறைந்த திட்டங்களுக்கு மின்சார சபையோடு செய்த பழைய நிலையான ஒப்பந்தங்களில் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சிக் கட்டணம், மற்ற மாதங்களுக்கு ஈரக் கட்டணம் என்று இரண்டு விலை இருந்தது. வறட்சி விலை கூட. நாட்டுக்கு மின்சாரம் தட்டுப்படுகிற நேரம் என்பதால் அது நியாயம்தான். ஆனால் ஓடைக்குக் கடைசிச் சொட்டு தேவைப்படுகிற அதே மாதங்களில்தான் அந்தச் சொட்டுக்கு விலையும் கூட. பிறகு வந்த ஒப்பந்தங்களில் கட்டண முறை மாறிவிட்டது. எந்த வகை என்று கேட்டு வையுங்கள்.

ஓடைக்கு விடும் 10 லீற்றருக்கு இந்தத் திட்டத்தில் 9.4 கிலோவோட் போகிறது. ஒரு நாளைக்கு 226 யூனிட். அணைக்கு மேலால் தண்ணீர் வழிகிற மாதங்களில் இந்த இழப்பு பூச்சியம். அதனால்தான் வருடம் முழுக்க ஒரே எண் கேட்பதை விட, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வரத்தில் ஒரு வீதம் என்று கேட்பது நல்லது. 20 வீதம் என்று வைத்தால் டிசம்பரில் 100, ஏப்ரலில் 60, அதற்குக் கீழே போனால் 40 தளம். கருத்துக் கடிதத்தில் இழப்பையும் சேர்த்துக் காட்டினால் மறுபக்கத்துக்குப் பதில் சொல்ல இடம் குறையும்.

---

பீலிக்கரை எழுதியது:

நன்றி அண்ணேமாரே. அறிக்கையில “இரு ஜெட் டர்கோ”ன்னு இருக்கு. ஓட்டக்கால வளைகோடு ஒன்று இருக்கு, ஆனா அது கித்துல்கல அளவீட்டு நிலையத்தின் தரவைப் பரப்பளவு விகிதத்துல குறைச்சு எடுத்ததாம். அது பரவாயில்லையா?

வயல்காரங்க கேட்கிறது வேற. பவர் ஹவுஸுக்குக் கீழ தண்ணி “விட்டு விட்டு வரும்”னு வேற இடத்துல கேள்விப்பட்டிருக்காங்க. அது ஏன்?

---

மழைமானி எழுதியது:

கித்துல்கல என்றால் பரவாயில்லை என்று விட முடியாது. அதுவே ஒரு முழு ஆட்சேபனை.

களனி கங்கை கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து உருவாவது. முதலாவதில் காசல்ரீ நீர்த்தேக்கம், இரண்டாவதில் மவுசாகலை. மழைக்காலத் தண்ணீரைப் பிடித்து வைத்து லக்சபான நீர்மின் தொகுதி வழியாக வறட்சியில் விடுவதே அவற்றின் வேலை. கித்துல்கலையில் பெப்ரவரியில் ஓடுவது பெருமளவு நீர்த்தேக்கத்தில் இருந்து திறந்த தண்ணீர். அந்த எண்ணை 12 சதுர கி.மீ. ஓடைக்குச் சுருக்கினால், ஓடைக்கு இல்லாத வறட்சிக்காலத் தண்ணீர் கடுதாசியில் வந்துவிடும். அதை வைத்து “40 விட்டாலும் மிச்சம் இருக்கிறது” என்று காட்டலாம்.

நீர்த்தேக்கத்தால் மாறாத ஓட்டம் வேண்டும். காசல்ரீக்கு மேலே உள்ள நோர்வூட் நிலையம் நல்லது. சீதாவக்கை கங்கையின் தெரணியகல நிலையமும் ஒப்பிடப் பயன்படும். பரப்பளவு விகிதம் மட்டும் போதாது, மழை விகிதத்தாலும் பெருக்க வேண்டும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் நாட்டிலேயே கூடிய மழை பெறும் இடங்களில் ஒன்று. நோர்வூட் அவ்வளவு இல்லை. ஓட்டத் தரவு நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் மழைத் தரவு வளிமண்டலவியல் திணைக்களத்திலும் கேட்கலாம். இரண்டும் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில்தான். ஒரே நாளில் இரண்டு விண்ணப்பத்தையும் கொடுத்துவிடலாம். நாளாந்தத் தரவு என்று எழுதிக் கேளுங்கள். “மழைத் தரவு” என்று மட்டும் எழுதினால் மாதத் தொகையைத் தந்து அனுப்புவார்கள்.

---

டர்பைன்_ஒயில் எழுதியது:

விட்டு விட்டு வர்றதுக்குக் காரணம் ஃபோர்பே தொட்டி. டர்பைனுக்குச் சரிவா இறங்குற பென்ஸ்டொக் குழாய்க்கு முன்னால உள்ள தொட்டியைத்தான் சொல்றேன்.

கணக்குப் பாருங்க. தொட்டி 150 கன மீற்றர்னு வைங்க. வரத்து 100. 40 ஓடைக்குப் போக 60தான் குழாய்க்கு. 60ல ஓட்டினா டர்கோ ஓடும், ஆனா திறன் மோசம். அதனால ஒப்பரேட்டர் என்ன செய்வார்? மெஷினை நிப்பாட்டித் தொட்டியை நிரப்புவார். 150 கன மீற்றர் நிரம்ப செக்கனுக்கு 60 லீற்றர்ல 42 நிமிஷம். பிறகு 300 லீற்றர்ல ஓட்டுவார், திறன் நல்லா இருக்கும். உள்ள வர்றது 60, போறது 300, பத்து நிமிஷத்துல தொட்டி காலி. திரும்ப 42 நிமிஷம் நிறுத்தம்.

கீழ வயல் அணைக்கட்டுக்கு இது எப்படி வரும்? 42 நிமிஷம் 40 லீற்றரும் இடையில சேர்ற சின்ன ஓடைத் தண்ணியும். அடுத்த பத்து நிமிஷம் அதோட 300 லீற்றர் கூட. அந்த 300ஐ வயல் வாய்க்கால் தாங்காது, அணைக்கட்டு மேலால வழிஞ்சு போயிடும். நாள் கணக்குல பாத்தா தண்ணி குறையவே இல்ல. வயலுக்கு மட்டும் கிடைக்கல. குளிக்கிற இடம் வேற ஏதும் பவர் ஹவுஸுக்குக் கீழ இருந்தா பிள்ளைகளுக்கு ஆபத்து, சைரன் இல்லாம மெஷினைத் தொடங்கக் கூடாது.

இதை நிப்பாட்ட ஒரே வழி: அனுமதியில “வரத்துக்கு ஏற்ப மட்டும் ஓட்ட வேண்டும், தேக்கி ஓட்டக் கூடாது”ன்னு எழுதி வாங்கணும். அதோட ஃபோர்பே மட்டம் தானா பதிவாகுற கருவி. மட்டம் பல்லுப் பல்லா ஏறி இறங்கினா தேக்கி ஓட்டுறாங்க. நேர் கோடா இருந்தா ஒழுங்கா ஓட்டுறாங்க. பதிவைப் பாக்க இஞ்சினியர் வேண்டியதில்ல.

இன்னொண்ணு, ஏப்ரல் மாசம் பின்னேரம் இடிமழையில மின் லைன் டிரிப் ஆகும், மெஷின் திடீர்னு நிக்கும். டர்கோ, பெல்டன்னா டிஃப்லெக்டர் தண்ணியைச் சில்லுல படாமத் திருப்பி விடும், வால்வ் மெதுவா மூடும். கீழ ஓடை சட்டுன்னு காயாது. பிரான்சிஸ்ல கதவு சில செக்கன்ல மூடிரும், ஃபோர்பே நிரம்பி வழியும். அந்த வழிவு எந்தப் பள்ளத்துல விழுதுன்னு பாருங்க. கொன்கிரீட் வாய்க்கால் இல்லாம வெறும் மண்ணுல விட்டா ரெண்டு மழைக்காலத்துல மலைச்சரிவே அறுந்து வந்துரும்.

---

அம்பத்தலே_பைப் எழுதியது:

குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவும். களனியில இத்தனை மினி ஹைட்ரோ கட்டினால் கொழும்புக்கு வர்ற குடிதண்ணி குறையாதா? ஒவ்வொரு பெப்ரவரியும் அம்பத்தலேயில (கொழும்புக்கு ஆத்தில இருந்து தண்ணி எடுக்கிற இடம்) உப்புத் தண்ணி ஏறுது எண்டு செய்தி வருது.

---

மழைமானி எழுதியது:

குறையாது. இந்த வகைத் திட்டத்தில் சேமிப்பு இல்லை. சில நிமிடமோ ஒரு மணித்தியாலமோ தள்ளிப் போகலாம், அம்பத்தலே வரும்போது அந்த ஏற்ற இறக்கமும் தட்டையாகிவிடும். அங்கே உப்பு ஏறுவதற்குக் காரணம் வறட்சியில் ஆற்று ஓட்டம் குறைவதும், மணல் அள்ளி ஆற்றுப் படுகை தாழ்ந்து போனதும். படுகை கடல் மட்டத்துக்குக் கீழே போனால் கடல் நீர் தானாக உள்ளே வரும். காசல்ரீயும் மவுசாகலையும் வறட்சியில் விடுகிற தண்ணீர் கொழும்புக்கு உதவிதான். மினி ஹைட்ரோவின் தாக்கம் அந்த ஒரு கிலோமீற்றர், ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் முடிகிறது. அதனால்தான் கொழும்பில் யாருக்கும் தெரிவதில்லை.

---

சிவில்_கொழும்பு6 எழுதியது:

பீலியைப் பற்றி ஒருத்தரும் இன்னும் சரியாச் சொல்லேல்லை. தம்பி, முதல்ல அந்தப் பீலிக்குத் தண்ணி எங்க இருந்து வருது எண்டு பாருங்கோ. ஓடையில இருந்து பைப் போட்டு எடுத்ததா? அப்பிடியெண்டால் எடுக்கிற இடம் அணைக்கு மேலயா கீழயா? கீழ எண்டால் அணையில இருந்து எவ்வளவு தூரம்? அணைக்கு உடன கீழதான் மோசம். கீழ போகப் போகச் சின்ன ஓடைகள் வந்து சேரும். இடைப்பட்ட நீரேந்துப் பரப்பு 3 சதுர கி.மீ. எண்டு வைச்சால் மார்ச்சில 27 லீற்றர் சேரும். பவர் ஹவுஸ் கிட்ட 67 ஓடும். முதல் 300 மீற்றரில அது வராது.

பீலி ஊற்றுத் தண்ணி எண்டால் அணையால பாதிப்பு இல்லை. அதுக்கு வேற ஆபத்து: அணையில இருந்து ஃபோர்பே தொட்டிக்குத் தண்ணி கொண்டு போற தலைக்கால்வாய். மலைச்சரிவில கிடையாக ஒரு கிலோமீற்றர் வெட்டிக்கொண்டு போகேக்க, மேல இருந்து கீழ கசிஞ்சு வர்ற ஊற்றைக் கால்வாய் குறுக்கால வெட்டிப் போடும். ஊத்துக் கால்வாய்க்குள்ள வடியும், பீலி காயும். அறிக்கையில “நீரோட்டத் தாக்கம்” எண்ட அத்தியாயத்தில இது வரவே வராது, ஏனெண்டால் அது ஓடை இல்லை. கால்வாய்க்குப் பதிலா புதைச்ச குழாய் போட்டால் வெட்டு ஆழம் குறையும், ஆனால் அகழியில சல்லி நிரப்பினால் அதுவும் வடிகாலாத்தான் வேலை செய்யும். 20 மீற்றருக்கு ஒருக்கால் களித் தடுப்பு வைக்கச் சொல்லிக் கேளுங்கோ.

கால்வாய் ஒழுகினால் மறுபக்கம் பிரச்சினை, மண் சரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ர மண்சரிவு அபாய வரைபடத்தில அந்தச் சரிவு என்ன வகை எண்டு பார்க்கவேணும். கொழும்பு 5, ஜாவத்தை வீதியில அலுவலகம். நில அளவைத் திணைக்களத்தில 1:10,000 வரைபடம் வாங்கி, அதில கால்வாய்ப் பாதையையும் ஒவ்வொரு ஊத்தையும் குறிச்சால் அதுவே உங்கட கடிதத்தின்ர பலமான பக்கம். ஊத்துக்களை அறிக்கை எழுதினவருக்குத் தெரியாது, லயத்துச் சனத்துக்குத்தான் தெரியும்.

---

பீலிக்கரை எழுதியது:

ஒரு பீலி ஊற்று. மற்றது ஓடையில இருந்து பைப். எடுக்கிற இடம் அணை வரப்போற இடத்துக்குக் கீழ. இப்ப ஓடுற தண்ணியை நாங்களே அளந்து வைக்க முடியுமா? மிதவை போட்டு அளக்கலாமா?

---

மழைமானி எழுதியது:

மிதவை வேண்டாம். கல்லும் குழியுமான ஓடையில் குறுக்குவெட்டுப் பரப்பே சரியாக எடுக்க முடியாது. விடை பாதியாகவும் வரும், இரட்டிப்பாகவும் வரும். உப்புக் கரைசல் முறையே இதற்கு ஏற்றது. தண்ணீர் எவ்வளவு கலங்கிப் பாய்கிறதோ அவ்வளவு நல்லது.

தேவை: மின்கடத்துதிறன் மீற்றர், சமையல் உப்பு, வாளி, கைபேசி நிறுத்தற்கடிகாரம். மீற்றர் மைக்ரோசீமன்ஸில் காட்ட வேண்டும், 1 அலகு படியில் காட்ட வேண்டும். செக்கனுக்கு 50 லீற்றர் அளவான ஓடைக்கு 200 கிராம் உப்புப் போதும். வீட்டில் சரியாக நிறுத்துப் பொதி செய்து கொண்டு போங்கள். 5 லீற்றர் ஓடைத் தண்ணீரில் ஒரு மணி உப்பும் அடியில் தங்காமல் கரையுங்கள். அடியில் தங்கினால் ஓட்டம் உள்ளதை விடக் கூடுதலாக வரும்.

ஊற்றும் இடத்துக்கும் அளக்கும் இடத்துக்கும் இடையே ஓடை அகலத்தின் 25 மடங்கு தூரம் வேண்டும். 2 மீற்றர் ஓடை என்றால் 50 மீற்றர். நடுவில் பெரிய மடு இருக்கக் கூடாது, இருந்தால் உப்பு அங்கே சுழன்று வால் நீண்டுவிடும். இடையில் வேறு ஓடையும் சேரக் கூடாது. முதலில் அடிப்படை வாசிப்பைக் குறியுங்கள். ஒருவர் வாளியை ஒரே வீச்சில் ஊற்ற, மற்றவர் 5 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பை எழுத வேண்டும். பழைய அளவுக்குத் திரும்பும்வரை நிறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு வாசிப்பிலும் அடிப்படையைக் கழித்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1600 என்றால், 5ஆல் பெருக்க 8000. உப்பு 2,00,000 மில்லிகிராம். குணகம் 0.5. ஆக 2,00,000 ÷ (0.5 × 8000) = செக்கனுக்கு 50 லீற்றர். குணகத்தையும் சரிபார்க்கலாம்: 10 லீற்றர் ஓடைத் தண்ணீரில் 1 கிராம் உப்பைக் கரைத்தால் வாசிப்பு 200 அளவுக்கு ஏற வேண்டும். இரண்டு முறை ஊற்றி இரண்டு விடையும் 10 வீதத்துக்குள் பொருந்தினால் எழுதிக் கொள்ளுங்கள்.

ஏப்ரலில் காலையில் மட்டும் அளக்காதீர்கள். இடைப்பருவ மழை பின்னேரம்தான் பெய்யும். காலை எண்ணும் மாலை எண்ணும் ஒரே ஓடை போல இருக்காது.

---

சிவில்_கொழும்பு6 எழுதியது:

ஊத்துப் பீலிக்கு உப்பு வேண்டாம். 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் எண்டு பார்த்தால் போதும். சின்ன ஓடைக்கு 90 பாகை வீ-வெட்டுத் தகடு: பழைய சோனகத் தெருவில தகடு வாங்கி வெட்டலாம், ஓரம் கூரா இருக்கவேணும். உயரம் 10 செ.மீ. எண்டால் செக்கனுக்கு 4.4 லீற்றர், 15க்கு 12, 20க்கு 25, 30க்கு 68. உயரத்தை வெட்டிலயே அளக்கக் கூடாது, அங்க தண்ணி வளைஞ்சு இறங்கும். வெட்டில இருந்து ஒரு மீற்றருக்கு மேல பின்னுக்கு நட்ட கோலில அளக்கவேணும். தகட்டுக்கு அடியால ஒழுகினால் எல்லாம் வீண், களிமண் வைச்சு அடையுங்கோ.

---

ஓயாக்கரை எழுதியது:

மீன் பற்றி ஒரு வரி. விலாங்கு கடலில் முட்டையிட்டுக் குஞ்சு மலை ஓடை வரை ஏறி வரும் மீன். 2 மீற்றர் நேர் சுவர் அதற்குப் பெரிய தடை. ஓடைக்கு விடும் தண்ணீரை அணை ஓரத்தில் கல் பதித்த சரிவான தளத்தின் மேலால் விட்டால் அந்த 40 லீற்றரே ஏணியாகவும் ஆகும். குழாயால் காற்றில் விழ விட்டால் ஆகாது.

மணல் தொட்டி கழுவுவதையும் கேளுங்கள். பெப்ரவரியில் கழுவினால் தொட்டிச் சேறு முழுவதும் 40 லீற்றர் ஓடும் ஓடையில் படிந்து, அடுத்த வெள்ளம் வரை கல்லிடுக்கை அடைத்து நிற்கும். அணைக்கு மேலால் தண்ணீர் வழிகிற நாளில் மட்டும் கழுவ வேண்டும்.

---

பீலிக்கரை எழுதியது:

கடைசியா ஒன்று. இதெல்லாம் யாருக்குப் போகணும், நிபந்தனையா எப்படி எழுதணும்?

---

சிவில்_கொழும்பு6 எழுதியது:

அறிக்கையின்ர முன்பக்கத்தில திட்ட அங்கீகார முகவர் ஆர் எண்டு இருக்கும், அவருக்கு. பிரதி பத்தரமுல்லையில மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்குக் கீழ வர்ற வேலை. சுற்றாடல் தாக்க மதிப்பீடு எண்டால் பொதுமக்கள் கருத்துக்கு 30 நாள் உண்டு. ஆரம்பப் பரிசோதனைக்கு அந்தக் காலத்தை நம்பி இருக்காமல் உடன எழுதுங்கோ. அனுமதிக் கடிதம் வந்த பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில நிபந்தனைகளின்ர பிரதியைக் கேட்டு வைச்சிருங்கோ.

நிபந்தனையில “போதிய நீர் விடப்பட வேண்டும்” எண்டு வரவிட வேண்டாம், அதை அளக்க ஏலாது. இப்பிடி எழுதுங்கோ: துளையின் மையம் எடுப்பு வாயின் அடிமட்டத்துக்கு 23 செ.மீ. கீழ், துளை விட்டம் 20 செ.மீ., வால்வ் இல்லை, துளைக்கு முன்னால குப்பை பிடிக்கும் கம்பி வலை, வலையை ஒவ்வொரு நாளும் துப்புரவு செய்யவேணும். அணையின்ர கீழ்ப்பக்கம் பாதையில நிண்டு பார்க்கக்கூடிய இடத்தில செ.மீ. குறிச்ச கோல். 40 லீற்றருக்கான மட்டத்தில சிவப்புக் கோடு.

---

டர்பைன்_ஒயில் எழுதியது:

அந்தச் சிவப்புக் கோட்டை மெஷின் ஓட்டத் தொடங்குறதுக்கு முந்தி, நீங்களும் நிக்கிற நேரம், உப்புப் போட்டு அளந்து அடிக்கச் சொல்லுங்க. கொன்கிரீட் இறுகின பிறகு மட்டம் வரைபடத்துல உள்ள மாதிரி வர்றது அபூர்வம். துளை ரெண்டு செ.மீ. ஏறினாலும் பெப்ரவரியில ரெண்டு லீற்றர் கிட்டப் போயிடும்.